நர்சிங் மேற்படிப்பில் ஃபார்மகாலஜி திணறடிக்கிறதா? சேலம் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நர்சிங் மேற்படிப்பு படிப்பவர்களுக்கான பக்கம் இது. எம்.எஸ்சி. நர்சிங் சிறப்புப் பாடங்களுக்குள் வரும் மருந்தியலாக இருந்தாலும், நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் படிப்பின் முதலாண்டில் வரும் உயர்நிலை ஃபார்மகாலஜியாக இருந்தாலும் மாணவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே வரும் டோஸ்கள் எல்லாம் கணக்குப் பழகவும் காரணம் புரியவும் தரப்பட்டவை. வார்டில் மருத்துவர் எழுதிய ஆர்டரையும் உங்கள் மருத்துவமனையின் நெறிமுறையையும்தான் பின்பற்ற வேண்டும்.

பி.எஸ்சி.யில் ஃபார்மாவில் நல்ல மார்க் வாங்கினேன். இப்போது ஏன் ஒன்றும் ஓடவில்லை?

கேள்வி மாறிவிட்டது, அதனால்தான். பி.எஸ்சி.யில் "ஃபுரோசெமைடின் பக்க விளைவுகளை எழுதுக" என்று கேட்பார்கள். மனப்பாடம் போதும். மேற்படிப்பில், "ஃபுரோசெமைடும் டிகாக்சினும் எடுக்கும் நோயாளிக்கு வாந்தியும் நாடித்துடிப்புக் குறைவும் வந்திருக்கிறது, என்ன நடந்திருக்கும், முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று வரும். ஃபுரோசெமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும். இதயத் தசையில் டிகாக்சின் ஒட்டும் அதே இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டி போடும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் கூடுதலாக ஒட்டும், நச்சு விளைவு வரும். இந்த மூன்று கண்ணிகளையும் கோக்கத் தெரிந்தவருக்கு விடை தானாக வருகிறது. பட்டியலாகப் படித்தவருக்கு இரண்டு மருந்தும் தனித்தனியாகத் தெரியும், நடுவில் உள்ள பொட்டாசியம் தெரியாது.

எனவே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "ஏன்" என்று எழுதிப் படியுங்கள். ஏன் என்று சொல்ல முடியாத வரி இரண்டு வாரத்தில் மறந்துவிடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? புத்தகம் ஆயிரம் பக்கம் இருக்கிறதே.

மருந்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மூன்று படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்றையும் புத்தகம் பார்க்காமல் வெள்ளைத்தாளில் வரையத் தெரிய வேண்டும். இதற்கு ஒரு வாரம் செலவானாலும் அது வீண் அல்ல.

முதல் படம் தன்னியக்க நரம்பு மண்டலம். ஒரு பக்கம் அசிட்டைல்கோலின், மறுபக்கம் நார்அட்ரினலின். கண் பாவை, உமிழ்நீர், மூச்சுக்குழல், இதயம், குடல், சிறுநீர்ப்பை, ரத்தக்குழாய் ஆகிய ஏழு உறுப்புகளிலும் எந்த ரிசெப்டர் (மருந்து ஒட்டும் ஏற்பி) இருக்கிறது, அதைத் தூண்டினால் என்ன ஆகும், அடைத்தால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். ஆல்ஃபா 1 ரத்தக்குழாயைச் சுருக்கும். பீட்டா 1 இதயத்தை வேகப்படுத்தும். பீட்டா 2 மூச்சுக்குழலை விரிக்கும். இந்த ஒரு தாள் சரியாக வந்தால் நார்அட்ரினலின், டோபுடமின், சால்பியூட்டமால், மெட்டோபுரோலால், அட்ரோபின், பிரசோசின் ஆகியவற்றின் வேலையும் பக்க விளைவும் பாதிக்கு மேல் வாசிக்காமலே வந்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோபிரனலால் ஏன் கூடாது என்பதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை, படத்தைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது படம் சிறுநீரகத்தின் ஒரு நெஃப்ரான், அதாவது வடிகட்டும் நுண்குழல். அசிட்டசோலமைடு எங்கே, ஃபுரோசெமைடு ஹென்லே வளைவின் எந்தப் பகுதியில், தயசைடு எங்கே, ஸ்பைரனோலாக்டோன் எங்கே என்று அம்புக்குறி போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சோடியத்துடன் வேறு என்ன வெளியே போகிறது, எது உள்ளே தங்குகிறது என்று எழுதுங்கள்.

மூன்றாவது, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் – ஆஞ்சியோடென்சின் – ஆல்டோஸ்டிரோன் சங்கிலி. இது சின்னப் படம்தான். எனலாபிரிலில் வறட்டு இருமல் வருவதும் லோசார்ட்டனில் அது அரிதாக இருப்பதும் ஏன் என்று இதில் விளங்கினால் போதும். இருமலுக்குக் காரணம் பிராடிகைனின் தேங்குவது. எனலாபிரில் அடைக்கும் நொதிதான் பிராடிகைனினையும் உடைக்கிறது. லோசார்ட்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை.

மருந்துப் பெயர்கள் நினைவில் நிற்பதே இல்லை. குறுக்கு வழி உண்டா?

பெயரின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்வது நல்ல வழி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. "ஓலால்" என்று முடிந்தால் பீட்டா அடைப்பான், "பிரில்" என்றால் ஏ.சி.இ. (ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதி) தடுப்பான், "சார்ட்டன்" (ஆஞ்சியோடென்சின் ரிசெப்டர் அடைப்பான்), "டிபைன்" (கால்சியம் வழி அடைப்பான்) என்பவையும் பெரும்பாலும் ஏமாற்றாது. ஏமாற்றுபவை வேறு. பான்டோபிரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிபிபிரசோல் மனநல மருந்து. அடோர்வாஸ்டாட்டின் கொழுப்புக்கு, நிஸ்டாட்டின் பூஞ்சைக்கு. "மைசின்" என்பது ஒரு வகையே இல்லை. எரித்ரோமைசின், ஜென்டாமைசின், கிளின்டாமைசின், வான்கோமைசின் நான்கும் நான்கு வெவ்வேறு குடும்பம். ஜென்டாமைசினுக்குச் சிறுநீரகத்தையும் காதையும் கவனிக்க வேண்டும். வான்கோமைசின் 1 கிராமைக் குறைந்தது 60 நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து பி.பி. இறங்கலாம். எரித்ரோமைசினைப் படித்துவிட்டு அதே கவனிப்பை இவற்றுக்கும் எழுதினால் மார்க் போகும். வார்டில் போவது அதைவிடப் பெரிது.

இன்னொரு சிக்கல் ஜெனரிக், பிராண்டு பெயர்கள். அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வழங்குகிறது, அங்கே ஆம்பூலில் ஜெனரிக் பெயர் கண்ணில் படும். தனியார் மருத்துவமனைக்குப் போஸ்டிங் போனால் அதே ஃபுரோசெமைடை லாசிக்ஸ் என்றும், ஃபெனிரமினை அவில் என்றும், ஆன்டன்செட்ரானை எமெசெட் என்றும்தான் கூப்பிடுவார்கள். தேர்வில் ஜெனரிக் பெயர்தான் எழுத வேண்டும். பாக்கெட் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, அன்றன்று டிராலியில் பார்த்த பிராண்டை இடப்பக்கமும் ஜெனரிக்கை வலப்பக்கமும் எழுதுங்கள். வார்டு அக்காக்கள் பிராண்டு பெயரைச் சொன்னால் அவர்களிடமே கேட்டு ஜெனரிக்கை எழுதிக்கொள்ளலாம், தயங்க வேண்டாம்.

ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மருந்தை மட்டும் ஆழமாகப் படியுங்கள். மற்றவை அதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று ஒரு வரி போதும்.

அட்டை எழுதிப் படிப்பது உண்மையில் பயன்படுமா?

சரியாக எழுதினால் பயன்படும். பலர் புத்தகத்தின் பத்தியைச் சின்ன எழுத்தில் அட்டைக்கு மாற்றுகிறார்கள். அது எழுத்துப் பயிற்சிதான். அட்டையின் முன்புறம் ஒரு கேள்வி, பின்புறம் விடை என்று இருக்க வேண்டும். "மக்னீசியம் சல்ஃபேட்" என்று தலைப்பு மட்டும் போடாமல், "மக்னீசியம் அடுத்த டோஸுக்கு முன் என்ன மூன்றைப் பார்ப்பாய், ஏன்?" என்று எழுதுங்கள். பின்புறம்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் வருகிறதா. ஏன் என்றால், அளவு ஏறும்போது முதலில் அனிச்சை போகும், பிறகுதான் மூச்சு நிற்கும். மக்னீசியம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் சிறுநீர் குறைந்தால் உடலில் தேங்கும். அளவு மிஞ்சினால் முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி., மெதுவாக நரம்பு வழியாக.

எழுதிய அன்று ஒரு தடவை, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாவது வாரம் என்று திரும்பப் பாருங்கள். தவறிய அட்டை மறுபடி முதல் நாளுக்குப் போகும். ஒரு நாளைக்குப் புது அட்டை பத்துக்கு மேல் வேண்டாம். இருபது எழுதினால் முதல் வாரம் உற்சாகமாக ஓடும், மூன்றாவது வாரம் திரும்பப் பார்க்க வேண்டியவை மலைபோல் குவிந்து, எல்லாவற்றையும் கைவிட நேரிடும்.

அரை ஆயுள், ஸ்டெடி ஸ்டேட் எல்லாம் கணக்கு மாதிரி இருக்கிறது. எளிதாகச் சொல்ல முடியுமா?

சேர்வராயன் மலைக் காபியை வைத்தே சொல்லலாம். அரை ஆயுள் என்பது உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். காஃபினின் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம். மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும், கால் பங்கு அதிகாலை 4 மணிக்கும் இருக்கும். "ஆறு மணிக்குத்தானே குடித்தேன், ஏன் தூக்கம் வரவில்லை" என்பதற்கு இதுதான் விடை.

அதே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உள்ளே போவதும் வெளியேறுவதும் சமமாக (இதுதான் ஸ்டெடி ஸ்டேட்) 4 முதல் 5 அரை ஆயுள் பிடிக்கும். முதல் அரை ஆயுளில் 50 சதவீதம், அடுத்து 75, பிறகு 87.5, பிறகு 93.75 என்று ஏறும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு டிகாக்சினின் அரை ஆயுள் 36 முதல் 48 மணி நேரம். அப்படியானால் நிலைக்கு வர 6 முதல் 10 நாள் ஆகும். இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனை எடுத்து "அளவு குறைவு" என்று முடிவெடுப்பது ஏன் தவறு என்று இப்போது புரியும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத நோயாளிக்குத்தான் லோடிங் டோஸ், அதாவது தொடக்கத்திலேயே தரும் பெரிய அளவு. நார்அட்ரினலினின் அரை ஆயுள் ஓரிரு நிமிடம்தான், அதனால்தான் பம்ப்பில் தொடர்ந்து ஏற்றும் சிரிஞ்சை மாற்றும் இடைவெளியிலேயே பி.பி. சரிகிறது. புது சிரிஞ்சைத் தயாராக வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

விதிவிலக்கு ஃபெனிடோயின். கல்லீரல் நொதி சீக்கிரமே நிரம்பிவிடும். அதன்பின் அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் அளவு விகிதம் தாண்டி ஏறும். நாளுக்கு 300 மி.கி.யில் வலிப்பு அடங்காதவருக்கு 400 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடும் என்று நினைக்கக் கூடாது. கண் தானாக ஆடுவது, தள்ளாட்டம், மயக்கம் என்று நச்சு அறிகுறிகளே வரலாம். இதே மருந்தில் இன்னொன்று: டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிகமாகிவிடும், நார்மல் சலைன்தான் வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் வேகம் கூடாது.

டோஸ் கணக்கில் ஒவ்வொரு தடவையும் தப்பு வருகிறது. என்ன செய்வது?

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். அலகைப் பிடித்துக்கொண்டு போனால் தப்பு தானாகக் கண்ணில் படும். எப்போதும் நான்கு வரி எழுதுங்கள்: நோயாளிக்கு நிமிடத்துக்கு எவ்வளவு, மணிக்கு எவ்வளவு, என் சிரிஞ்சில் ஒரு மி.லி.யில் எவ்வளவு, அப்படியானால் மணிக்கு எத்தனை மி.லி.

எடை 60 கிலோ, நார்அட்ரினலின் ஆர்டர் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். 60 × 0.1 = நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம். 6 × 60 = மணிக்கு 360. இரண்டு ஆம்பூல், அதாவது 4 மி.கி., மொத்தம் 50 மி.லி.யாகக் கரைத்தால் 4000 ÷ 50 = மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 360 ÷ 80 = மணிக்கு 4.5 மி.லி.

இதில் எங்கே தடுக்கும்? ஆம்பூலைப் படிப்பதில். 2 மி.லி. ஆம்பூல் லேபிளில் நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் 4 மி.கி., அது நார்அட்ரினலின் 2 மி.கி.க்குச் சமம் என்று இரண்டு எண்களும் இருக்கும். உப்பின் எடையை மருந்தின் எடையாக எடுத்துக்கொண்டால், மி.லி.க்கு 160 என்று கணக்கு வந்து பம்ப்பில் 2.25 வைப்பீர்கள். நோயாளிக்குப் போவது பாதி அளவு. ஆர்டர் எதில் எழுதப்பட்டிருக்கிறது, உங்கள் யூனிட் எதில் கணக்குப் போடுகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழக்கமான தப்பு, 50 மி.லி. திரவத்தோடு மருந்தையும் சேர்த்து 54 மி.லி. ஆக்குவது. 46 மி.லி. திரவம், 4 மி.லி. மருந்து என்றுதான் கலக்க வேண்டும்.

இன்சுலின் இன்னும் ஆபத்தானது, எளிது என்று நினைப்பதாலேயே. நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் பாட்டிலும் 100 யூனிட் மருந்தும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மி.லி., அதாவது 50 யூனிட் உள்ளே போகும். கேட்டது 20, போனது 50. மாற்றிப் போட்டால், 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், 8 யூனிட்தான் போகும். பாட்டில், சிரிஞ்ச் இரண்டிலும் உள்ள எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகு இழுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பூல் 15 சதவீதம், அதில் 20 மில்லி ஈக்விவலன்ட். நேரடியாக நரம்பில் செலுத்தவே கூடாது, இதயம் நின்றுவிடும். கரைத்த பிறகு பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். தொங்கும் பாட்டிலில் ஊசியால் சேர்த்துவிட்டுக் கலக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி முதல் சில மி.லி.யிலேயே செறிவாகப் போகும்.

சொட்டுக் கணக்கு சின்னது. 500 மி.லி. 4 மணி நேரத்தில், மேக்ரோ செட் (பெரிய சொட்டு விழும் டிரிப் குழாய்) மி.லி.க்கு 20 சொட்டு: 500 × 20 ÷ 240 = 41.7, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் உறையில் 15 என்றும் சில சமயம் இருக்கும், பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

தினமும் ஐந்து கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல். மூன்று வாரத்தில் பயம் போகும்.

மருந்துகளுக்கு இடையிலான வினைகள் எண்ணற்றவை. எதைப் படிப்பது?

முடுக்குபவர், தடுப்பவர் என்று இரண்டு சின்னப் பட்டியல் போதும். கல்லீரல் நொதிகளை முடுக்குபவை ரிஃபாம்பிசின், ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டால். தடுப்பவை எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவீடு) இறங்கும். காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது ஐ.என்.ஆர். ஏறி ரத்தக்கசிவு வரலாம் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. நிறுத்துவதும் ஒரு வினைதான்.

இதற்கு வார்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கும். பீடி பிடிக்கும் ஒருவர் மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் எடுக்கிறார். புகை, தியோஃபிலினை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும். மருத்துவமனையில் சேர்ந்ததும் பீடி நின்றுவிடுகிறது, நொதி மெல்ல அடங்குகிறது. அதோடு நெஞ்சுச் சளிக்குச் சிப்ரோஃபிளாக்சசினும் சேர்ந்தால் அதே நொதி இன்னும் அடங்கும். அளவை யாரும் கூட்டவில்லை, ஆனால் சில நாளில் படபடப்பு, வாந்தி, கை நடுக்கம். காஃபினும் அதே நொதியில் உடைவதால் காபியும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

காபி இன்னோர் இடத்திலும் வரும். காஃபின், அடினோசின் ரிசெப்டரில் உட்கார்ந்துகொண்டு அடினோசினை உட்காரவிடாது. எஸ்.வி.டி. (இதயம் திடீரென மிக வேகமாகத் துடிப்பது) வந்த நோயாளிக்கு அடினோசின் 6 மி.கி. வேகமாகச் செலுத்தி 20 மி.லி. சலைனால் தள்ளியும் பலன் இல்லை என்றால், சற்று முன் காபி குடித்தாரா, தியோஃபிலின் எடுக்கிறாரா என்று கேட்பது அர்த்தமுள்ள கேள்வி. போட்டித் தடுப்பான் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

வார்டு போஸ்டிங்கை ஃபார்மா படிப்பாக மாற்றுவது எப்படி?

ஒரு நாளைக்கு ஒரு நோயாளி, அவருடைய மருந்துத் தாள் முழுவதும். எட்டு மருந்து இருந்தால் எட்டுக்கும் மூன்று கேள்வி: இவருக்கு ஏன் இது, கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், கொடுத்த பின் எது மாறினால் வேலை செய்தது என்று தெரியும்? பெயர், படுக்கை எண் எதையும் நோட்டில் எழுதாதீர்கள்.

நம் பகுதியின் விஷ வார்டு தன்னியக்க மண்டலத்துக்கு ஒரு பாடசாலை. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து விஷத்தில் அசிட்டைல்கோலின் உடையாமல் தேங்குகிறது: வாய் நீர், நெஞ்சுச் சளி, சுருங்கிய பாவை, மந்தமான நாடி, தசை துடிப்பு. இதை அடைக்கும் அட்ரோபின் 0.6 மி.கி. ஆம்பூலாக வரும். 1.8 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, பலன் இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை இரட்டிப்பாக்குவது ஒரு முறை. 3 ஆம்பூல், 6, 12 என்று போகும். எதை வைத்து நிறுத்துவது என்பதில்தான் மாணவர்கள் குழம்புகிறார்கள். பாவை விரிந்ததை வைத்து அல்ல. நெஞ்சில் சளிச்சத்தம் தெளிந்து, நாடி 80க்கு மேலும் சிஸ்டாலிக் பி.பி. 80க்கு மேலும் வந்ததை வைத்து. தசை பலவீனம் அட்ரோபினால் சரியாகாது, ஏனெனில் அட்ரோபின் அடைப்பது மஸ்கரினிக் ரிசெப்டரை, தசையில் இருப்பது நிக்கோட்டினிக் ரிசெப்டர். அதனால்தான் சளி வற்றிய பிறகும் மூச்சின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் காய்ச்சல், பிதற்றல், குடல் ஓசை இல்லாமை.

மஞ்சள் அரளி விதை விஷம் டிகாக்சினைப் புரியவைக்கும். இரண்டும் ஒரே சோடியம் – பொட்டாசியம் பம்ப்பை அடைக்கின்றன. நாடி குறைவதும் ஹார்ட் பிளாக்கும் (இதய மின்னோட்டத் தடை) ஒன்றுபோல. ஆனால் கடும் விஷத்தில் பொட்டாசியம் ஏறும், பம்ப் நின்றதால் செல்லுக்குள் போக முடியாமல் வெளியே தங்குகிறது. நீண்ட நாள் டிகாக்சின் எடுப்பவருக்கோ டையூரெடிக்கால் பொட்டாசியம் குறைந்துதான் நச்சு வருகிறது. ஒன்றில் பொட்டாசியம் ஏறியது விளைவு, மற்றதில் இறங்கியது காரணம். இதைத் தெளிவாக எழுதும் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

மரவள்ளி விளையும் ஊர் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பச்சை மரவள்ளியில் உள்ள சேர்மங்கள் சயனைடு வெளியிடுபவை. சோடியம் நைட்ரோபுரூசைடும் உடலில் சயனைடை விடுகிறது. இரண்டிலும் உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றித்தான் வெளியேற்றும், அதற்குக் கந்தகம் வேண்டும், எனவே சோடியம் தயோசல்ஃபேட். நைட்ரோபுரூசைடு வெளிச்சத்தில் சிதையும், சிரிஞ்சை மூடி வைக்க வேண்டும்.

நான் பள்ளியில் தமிழ் மீடியம். ஆங்கிலப் பாடநூல் பாதி புரியவில்லை.

இதை வெட்கமாக நினைப்பவர்கள் அதிகம், தேவையே இல்லை. புரிவது தமிழில் நடக்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் நடக்கட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். ஒரு பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஊரில் அம்மாவுக்குச் சொல்வதுபோலத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தடுக்கும் இடம்தான் புரியாத இடம். அது சரியான பிறகு, தேர்வுக்கான ஆங்கில வாக்கியம் ஐந்தாறு மட்டும் எழுதிப் பழகுங்கள். சொல்லை உடைத்துப் படியுங்கள்: டாக்கி வேகம், பிராடி மந்தம், ஹைப்பர் கூடுதல், ஹைப்போ குறைவு, கலி பொட்டாசியம், ஈமியா ரத்தத்தில், யூரியா சிறுநீரில். ஹைப்போகலீமியா நீளமான சொல்லாக இருந்த நிலை போய், "ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு" என்று தானாகக் கேட்கும்.

தமிழில் சொல்லிப் பழகியது நோயாளியிடமும் உதவும். தைராய்டு மாத்திரையை "வெறும் வயிற்றில்" என்று சொன்னால் பலர் காலைக் காபியோடு போடுவார்கள், காபியைச் சாப்பாடாக நினைப்பதில்லை. காபி லெவோதைராக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். "தண்ணீர் மட்டும் குடித்துப் போடுங்கள், காபி, டீ, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து" என்று சொல்ல வேண்டும். வார்ஃபரின் எடுப்பவரிடம் "கீரையே சாப்பிடாதீர்கள்" என்பதும் தப்பு. தினமும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரு வாரம் விட்டு மறு வாரம் கட்டுக்கட்டாகச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சரி.

டியூட்டியும் பயணமும் போக நேரமே இல்லை.

ஒரு நாளைக்கு 40 நிமிடம், ஆனால் தினமும். 15 நிமிடம் பழைய அட்டை, 20 நிமிடம் புதிது, 5 நிமிடம் கணக்கு. நைட் டியூட்டி முடித்து வந்ததும் புதுப் பாடம் எடுக்காதீர்கள், தூங்கி எழுந்த பின்தான்.

ஏற்காட்டிலிருந்து போய்வருபவர்கள் பஸ்ஸில் படிக்க முயல்வதுண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளில் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தால் குமட்டும். சொந்தக் குரலில் கேள்வியைப் பதிவு செய்து, பத்து விநாடி இடைவெளி விட்டு, விடையைச் சொல்லிப் பதிந்து காதில் கேட்பது அங்கே நல்லது. அந்தக் குமட்டலுக்கு ஆன்டன்செட்ரான் ஏன் அவ்வளவாக உதவாது என்பதையும் அப்போதே படித்துவிடலாம்: மலைப்பாதை வாந்தி உள்காதிலிருந்து வருகிறது, அந்தப் பாதையில் ஹிஸ்டமின், மஸ்கரினிக் ரிசெப்டர்கள்தான் முக்கியம். ஆன்டன்செட்ரான் அடைப்பது செரட்டோனின் ரிசெப்டரை. புரோமெதசின் உதவும், கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், தூக்கம் வரும் என்பதால் டியூட்டிக்குப் போகும்போது வேண்டாம்.

இன்டர்னலில் தோற்றுவிட்டேன். இனி முடியுமா?

முடியும், விடைத்தாளை வாங்கிப் பார்த்தால். போன மார்க்கை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியவே தெரியாதது, தெரிந்தும் குழம்பியது, கேள்வியைத் தவறாகப் படித்தது அல்லது கணக்கில் சறுக்கியது. முதல் வகைக்குப் படிப்பு வேண்டும். இரண்டாவதற்கு, குழம்பிய இரண்டு மருந்தையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுத வேண்டும். மூன்றாவதற்குப் பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் "இன்னும் நிறையப் படிக்கிறேன்" என்பது மருந்து ஆகாது.

விடைகளில் அதிகம் மார்க் போகும் இடம் "செவிலியர் பொறுப்புகள்". சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான நேரம் என்று எல்லா மருந்துக்கும் ஒரே பத்தியை எழுதுகிறார்கள். மேற்படிப்பில் அது போதாது. ஃபுரோசெமைடு என்றால்: காலையில் கொடு, இரவில் தூக்கம் கெடும், தினசரி எடை, உட்கொண்ட – வெளியேறிய திரவ அளவு, பொட்டாசியம், நின்ற நிலையில் பி.பி.; நரம்பு வழி அதிக அளவு என்றால் நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் வேகம் வேண்டாம், காது பாதிக்கும். அந்த மருந்துக்கே உரியது மட்டும்.

தோல்வி உங்களைத் தூங்கவிடாமல், சாப்பிடவிடாமல் வாரக்கணக்கில் வாட்டினால் அது படிப்பு முறையால் தீராது. நம்பிக்கையான ஆசிரியரிடம் அல்லது வீட்டாரிடம் பேசுங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வைவாவில் தெரியாத மருந்தைக் காட்டினால்?

ஆம்பூலைக் கையில் வாங்கி லேபிளை நிதானமாகப் படியுங்கள். பெயரின் வால், செறிவு, எந்த வழி என்று லேபிளே பாதி சொல்லும். "இந்தக் குறிப்பிட்ட மருந்தைக் கொடுத்த அனுபவம் இல்லை, இது இந்த வகையைச் சேர்ந்தது, இந்த வகையில் நான் நாடியையும் பொட்டாசியத்தையும் பார்ப்பேன்" என்பது நல்ல விடை. டோஸைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நர்சிடம் தேர்வாளர் பார்ப்பது அந்த நிதானத்தைத்தான்.

தேர்வுக்கு முந்தைய நாள் என்ன செய்யலாம்?

புது மருந்து எதையும் திறக்க வேண்டாம். மூன்று படங்களையும் ஒரு தடவை வரையுங்கள். திரும்பத் திரும்பத் தவறிய அட்டைகளை மட்டும் பாருங்கள். முறிவு மருந்துகளை ஒரே தாளில் எழுதுங்கள்: ஹெப்பரினுக்கு புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, மார்ஃபினுக்கு நலாக்சோன், பாரசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன், மக்னீசியத்துக்குக் கால்சியம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம், அரை ஆயுள் கணக்கு தெரியுமே. காலையில் கிளம்பும் முன் 60 கிலோ நோயாளிக்கான நார்அட்ரினலின் கணக்கை ஒரு தடவை தாளில் போடுங்கள். 4.5 வந்தால் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.